பக்கத்து இருக்கையின் பிரேக்

சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் பிரேக் அண்ணனின் வலது கால் சும்மா இருக்காது. திரையில் யாராவது வண்டியைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் போதும், பாதம் தரையை ஓர் அழுத்து அழுத்தும். பஸ்ஸிலும் அப்படித்தான். முன்னிருக்கைக்காரரின் பையை மிதித்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகளை அண்ணி விரல்விட்டு எண்ணிச் சொல்வார்.

இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்பவர் ஸ்டீயரிங் பிடிக்க, அண்ணன் பக்கத்து இருக்கையில். அங்கே அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக். "ஓட்டுறது யாரா வேணா இருக்கட்டும் தம்பி, நம்ம காலுக்குன்னு ஒரு பிரேக் இருக்கணும்" என்பார். ஐம்பதை நெருங்கும் நான்தான் அந்தத் தம்பி. அவரிடம் கற்றுக்கொண்டும் லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன்.

இன்சூரன்ஸிலும் அதே பிடிவாதம். நம்மை இடிப்பவரிடம் இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலோ, இருந்தும் செலவுக்குப் போதாவிட்டாலோ, நம் பாலிசியே நமக்குக் கொடுக்கும்படி ஒரு கூடுதல் பாதுகாப்பு உண்டு. அதைச் சேர்க்காமல் ஒரு வருடமும் புதுப்பித்ததில்லை. அண்ணியின் தம்பி, அவருடைய மச்சான்காரர், கிண்டலடித்துத் தீர்த்தார்.

"எவனோ கட்டாம விட்டதுக்கு நீங்க ஏன் மாமா கட்டணும்?"

"அவனுக்காகக் கட்டல மாப்ள. என் பக்கத்து பிரேக்குக்குக் கட்டுறேன்."

போன வருடம் ஒரு நாள் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பச்சை. குறுக்குத் தெருவிலிருந்து சிவப்பைத் தாண்டி வந்த வேன், அண்ணன் பக்கத்துக் கதவில் மோதியது. எனக்கு ஒரு கீறல் இல்லை. அவருக்கு, பிரேக்கை மிதித்திருந்த வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது. தப்பு என்மேல் இல்லையென்று எல்லோரும் சொன்னார்கள், மனசுதான் கேட்கவில்லை. வேன்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். "இன்சூரன்ஸ் முடிஞ்சு மூணு மாசமாச்சு சார். என்கிட்ட ஒண்ணுமே இல்ல."

கேஸ் போட்டு ஜெயித்தாலும் அவரிடமிருந்து வாங்க என்ன இருக்கிறது? அண்ணனின் அந்தக் கூடுதல் பாதுகாப்புதான் அறுவைச் சிகிச்சைக்கும் கொடுத்தது, ஏழு மாதம் வராத வருமானத்துக்கும் கொடுத்தது. அது கிடைக்கும் என்று உறுதியான அன்று, அண்ணி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். நான்கு நாள் பாக்கியிருந்த தூக்கம். மச்சான்காரர் தன் பாலிசியோடு வந்து நின்றார். "மாமா, அந்த எக்ஸ்ட்ரா கவரேஜ் இதுல இருக்கா பாருங்க." இல்லை. மறுநாளே சேர்த்துவிட்டார்.

வீடு கடனில் மூழ்காமல் தப்பித்தது. ஆனால் தகடு வைத்த கால் மறுபடி பிரேக் மிதிக்குமா? அது இல்லாவிட்டால் அண்ணனுக்குப் பிழைப்பு இல்லை. டாக்டர் "பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

நேற்று காலை அண்ணன் மறுபடி காரை எடுத்தார். முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார்.

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்களேன்ணே."

"பிரேக்குக்கு உன்ன மாதிரி வேலை குடுக்குற ஆளு வேற யாரு இருக்கா? ஏறு."

மூன்றாவது திருப்பத்தில் ஒரு கேட்டுக்குள்ளிருந்து ஸ்கூட்டர் ஒன்று சட்டென்று வெளியே வந்தது. என் கால் பிரேக்கைத் தேடுவதற்குள் கார் நின்றிருந்தது. ஸ்கூட்டர்காரப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் மூச்சு விட்டேன். அண்ணன் குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தைத் தூக்கினார். பிறகு, நின்றுகொண்டிருந்த காரை இன்னொரு முறை மிதித்து நிறுத்தினார்.