இருபத்திரண்டு ஆல்பம் கப்பல்கள்

நாணயம் சேர்க்கிறவனை வாங்கும்போது பைத்தியம் என்பார்கள், விற்கும்போது ஏமாளி என்பார்கள். ஸ்டாம்போ, தீப்பெட்டிப் படமோ, பழைய பேனாவோ பீரோ நிறையச் சேர்த்துவிட்டு, இதை யார் தலையில் கட்டுவது என்று முழிக்கிற என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தாறு வருஷம் போர்டிங் கிளார்க்காக இருந்தேன். கப்பல் வந்து கட்டியதும் முதல் ஆளாக ஏணி ஏறிப் போய்க் காகிதங்களில் கையெழுத்து வாங்குகிற வேலை. போன கப்பலில் எல்லாம், சமையல்காரர் முதல் கேப்டன் வரை, கப்பல் படம் போட்ட காசு இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். வேறு படம் போட்ட காசு தங்கமாகவே இருந்தாலும் எனக்கு வேண்டாம். அப்படிச் சேர்ந்தவை ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம், இருபத்திரண்டு ஆல்பம்.

ரிட்டயரான பிறகு விழித்திரையின் நடுப்பகுதி தேய ஆரம்பித்தது. நடக்கலாம், காபி ஆற்றலாம், பஸ் வருவது ஓரக்கண்ணில் தெரியும். ஆனால் எதை நேராக உற்றுப் பார்க்கிறேனோ அது மட்டும் மறைந்துவிடும். இடது கண் முடிந்தது, வலது கண்ணுக்கும் அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் விற்றாக வேண்டும். பிரிக்காமல், மொத்தமாக, ஒரே கைக்கு. வாங்க வருகிறவர்களுக்குக் கண் விஷயம் தெரியவே கூடாது. தெரிந்தால் நல்ல காசு போய் அந்த இடத்தில் செல்லாக்காசு வந்து உட்காரும், எனக்குத் தெரியப்போவதில்லை. இந்தப் பயத்தில் நாலு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காந்தம்

முதலில் வந்தவர் பழைய வெள்ளி வாங்கி விற்கிற வியாபாரி. வரும்போதே சின்னத் தராசும் காந்தமும் கொண்டுவந்தார். காந்தத்தை ஆல்பத்தின் மேல் ஓட்டினார். அது வெள்ளியில்லாத சில காசுகளைக் கவ்வி இழுப்பது பிளாஸ்டிக் உறையின் சத்தத்தில் கேட்டது. எனக்கு எந்த ஆல்பத்தில், எந்த வரிசையில், எந்த நாடு என்பது மனப்பாடம். அதனால் அவர் கேட்கக் கேட்க மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தேன். திடீரென்று ஒரு காசை வெளியே எடுத்து, "இது என்ன வருஷம், படிங்க பாப்போம்" என்று நீட்டினார். கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். "காபி ஆறுது" என்று என் மனைவி கோமதி டம்ளரை இடையில் நீட்டியதால் தப்பித்தேன்.

அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். "அண்ணாச்சி, வெள்ளியை மட்டும் எடுத்துக்கிடுதேன். மிச்சத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருங்க."

நாற்காலிக்கு அடியில்

அடுத்தவர் காயல்பட்டினத்துக்காரர், குவைத்தில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். பண்பான மனிதர். அரபுப் பாய்மரக் கப்பல் போட்ட காசுகளை மட்டும் தனியாகக் கொடுத்தால் கேட்ட விலை தருவதாகச் சொன்னார். பார்க்கிற ஆசையில் குவைத், கத்தார் காசுகளையெல்லாம் உறையிலிருந்து எடுத்துத் துண்டின் மேல் பரப்பிவிட்டார். போச்சு, என் மனப்பாடம் அத்தனையும் கலைந்தது. பிரிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அவசரமாக அள்ளியதில் ஒன்று கையிலிருந்து நழுவி, தரையில் கணீரென்று விழுந்து உருண்டது.

குனிந்தேன். எங்கே பார்த்தாலும் அங்கே ஒரு கறுப்பு வட்டம்தான் இருந்தது. நாற்காலிக்கு அடியில் துழாவினேன், பீரோ பக்கம் துழாவினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, காசு உங்க காலுக்கு முன்னாலதான் கிடக்கு. நான் எடுத்துத் தரட்டுமா, இல்ல நீங்க தேடுத மாதிரியே இருக்கட்டுமா?"

ஜன்னல் வெளிச்சம்

வெள்ளி வியாபாரி இரண்டாம் முறை வந்தார். இந்தத் தடவை தராசு இல்லை, தேன் ஒழுகுகிற பேச்சு மட்டும். மொத்தமாகவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஏழாவது ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு, "வெளிச்சத்துல பாக்கேன்" என்று ஜன்னல் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உறை ஒருமுறை சரசரத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி சரசரத்தது. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எதைப் பார்த்தேன் என்று சொல்லிச் சண்டை போடுவது? சொந்த வீட்டில், சொந்தப் பொருளுக்கு முன்னால், வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நிமிஷம் மாதிரி என் வாழ்க்கையில் நான் அவமானப்பட்டதில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரு காசைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல், நான் ஒப்பிப்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கோமதி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள்: "அண்ணாச்சி, மூணாவது வரிசையில இருந்த போர்ச்சுக்கல் காசு தெரியாம உங்க சட்டைப் பையில விழுந்துட்டு. எடுத்து வச்சுட்டுப் போங்க."

கட்டைவிரல்

கடைசியாக வந்தது ஆலந்தலையிலிருந்து ஓர் அப்பாவும் மகளும். மகள் ஸ்டெல்லா சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி, லீவில் வந்திருந்தாள். அப்பா ஒருகாலத்தில் சங்கு குளித்தவர். அவள் காசைப் பிடித்த விதத்தைச் சத்தத்திலேயே உணர்ந்தேன். துணிமேல் வைத்து, ஓரத்தில் மட்டும் தொட்டு எடுக்கிற ஆள். மொத்தத்தையும் கேட்டாள். இவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

ஒரு காசை நீட்டி, "இது எந்த நாடு சார்?" என்றாள். இடம் மாறிப்போன ஆல்பம், எனக்கு நினைவில்லை. யோசிக்காமல் கட்டைவிரலை வைத்துக் காசின் முகத்தைத் தடவினேன். எங்கள் உலகத்தில் இதைவிடப் பாவம் கிடையாது. விரல் வேர்வை பட்டால் காசின் மினுக்கம் போய்விடும், ரேகை அப்படியே பதிந்துவிடும். "விரலை எடுங்க!" என்று கத்தியேவிட்டாள். ஆல்பத்தை மூடிவைத்துவிட்டு, "இவ்வளவு சேத்தவர் காசை இப்படியா பிடிப்பாரு? இது உங்க சேகரிப்புதானா சார்?" என்று எழுந்தாள்.

திருடன் என்கிறாள். கண் தெரியாதவன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, இந்தப் பேர் வேண்டாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதுவரை வாய் திறக்காத அவள் அப்பா பேசினார்.

"ஏளா, உக்காரு. கலங்கல் தண்ணியில நான் எதை வச்சு சங்கு எடுத்தேன்னு நினைக்க? கண்ணை வச்சா? நீ பத்துக் காசு எடுத்துக் குடு. தடவிச் சொல்லட்டும். தப்பாச் சொன்னாருன்னா எந்திரிச்சுப் போயிருவோம்."

அவள் விலை குறைந்த காசுகளாகப் பார்த்துப் பத்து எடுத்தாள். தடவினேன். விளிம்பில் வரி இருக்கிறதா, பாய் எத்தனை, கொடி எந்தப் பக்கம். ஒன்பது சரி. பத்தாவது தேய்ந்த காசு. பாயும் பிடிபடவில்லை, பாய்மரமும் பிடிபடவில்லை. டென்மார்க் என்று அடித்துவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. "இது எனக்குப் பிடிபடலைம்மா" என்றேன்.

அவள் உட்கார்ந்து முதல் ஆல்பத்தைத் திறந்தாள். "எனக்கும் பிடிபடல சார். துணிஞ்சு ஒரு நாட்டைச் சொல்லியிருந்தீங்கன்னா இந்நேரம் வாசலைத் தாண்டியிருப்பேன்."

நாலு மாதம் விழுந்து விழுந்து நடித்தும் நகராத சரக்கு உண்மையைச் சொன்ன அரை மணி நேரத்தில் மொத்தமாகப் போய்விட்டது என்றால், எனக்கு வியாபாரமும் வராது, நடிப்பும் வராது என்றுதான் கணக்கு.