ஆறாவது சிலிண்டரும் அக்காவின் முகப்பவுடரும்

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்கு ஒரு ஆளை வைத்துச் சம்பளம் கொடுப்பார்களா, சொல்லுங்கள்? எங்கள் ஊரில் கொடுக்கிறார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டவன் அந்த வேலையில்தான் இருக்கிறான். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி, லெவல் என்கிற ஒவ்வொரு தளத்திலும் நின்று, கொஞ்சம் வெள்ளைப் பவுடரை ஊதிவிட்டு, அது எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று எழுதிக்கொண்டு மேலே வருவான். காற்று நின்றுபோன இடத்தில் மனிதன் நிற்க முடியாது. அதனால் அது பெரிய வேலை. ஆனாலும் நாங்கள் அவனைக் காத்து வாங்கப் போறவன் என்றுதான் ஓட்டுவோம். நான் பெங்களூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஓட்டுவதில் எனக்குத்தான் முதலிடம்.

பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டார்கள். படிக்காமல் ஆண்டர்சன்பேட்டையில் அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, முன்பு சுரங்கத்தில் காற்று மெஷினால் பாறையில் துளை போடுகிறவர். முட்டி போனபிறகு வெளியே வந்து, யாரோ துரை விட்டுவிட்டுப் போன பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி டாக்சி ஓட்டுகிறார். ஆறு சிலிண்டர் வண்டி. தினமும் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து நாலு டீச்சர்களைப் பூதிகோட்டை ஸ்கூலுக்குக் கொண்டுபோய், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நிரந்தர சவாரி என்றால் அது ஒன்றுதான்.

அந்த வாரம் வண்டி மூன்று முறை வழியில் நின்றது. காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒழுங்காகத்தான் இருக்கும். சூடேறியதும் எஞ்சின் விக்கும். பிக்கப் இருக்காது. ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் இரண்டு உதறு உதறி அணைந்துவிடும். மூன்றாவது முறை டீச்சர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். பெரிய டீச்சர் சனிக்கிழமை இறங்கும்போது சொல்லிவிட்டார்.

"திங்கக்கெழமை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வராரு. அன்னிக்கும் நின்னுச்சின்னா, செவ்வாக்கெழமையிலர்ந்து நாங்க வேற வண்டி பாத்துக்கறோம். தப்பா நெனைக்காதீங்க."

மாமா தப்பாக நினைக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. என்னிடம் வந்து, "மச்சான், நீ இஞ்சின்தான படிக்கற? பாரு" என்றார்.

பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே பானெட்டைத் திறந்து, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் எஞ்சின் தள்ளாடும். ஆறாவதைக் கழற்றியபோது எந்த வித்தியாசமும் இல்லை. அப்படியென்றால் ஆறாவது வேலையே செய்யவில்லை. ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதோடு என் படிப்பு முடிந்தது. பிளக்கில் பொறி பளீரென்று வந்தது. விரலை வைத்து அடைத்துப் பார்த்தால் கம்ப்ரஷன் விரலைத் தள்ளியது. பாயிண்ட்டைத் தேய்த்தேன், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். மற்ற ஐந்து பிளக்கும் காப்பிப்பொடி நிறத்தில் இருக்க, ஆறாவது மட்டும் வெள்ளையாக இருந்தது. அது சுத்தமாக எரிகிறது என்று நானே மாமாவுக்கு விளக்கமும் சொன்னேன். உண்மையில் பெட்ரோல் போதாமல், காற்று அதிகமாகிப்போனால்தான் பிளக் அப்படி வெளுக்கும். அது என் புத்தகத்திலேயே இருக்கிறது.

பதினோரு மணிக்கு மாமா பொறுமை இழந்தார்.

"எங்கியோ காத்து லீக்காவுது. மெஷின்ல பவரு கொறஞ்சா மொதல்ல ஓஸைத்தான் பாப்போம்."

சுரங்கத்து ஆட்களுக்கு இது கைப்பழக்கம். காற்று மெஷின் சோம்பினால், அதற்குக் காற்று கொண்டுவரும் ரப்பர் குழாயான ஓஸ் முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். மாமா துணி சோப்பை ஒரு குண்டான் தண்ணீரில் கரைத்தார். நானும் ஒரு பழைய பனியனை முக்கி, ஓடுகிற எஞ்சினில் கை எட்டிய இடமெல்லாம் தடவினேன். எங்கும் ஒரு குமிழி இல்லை. எஞ்சின்தான் சலவைக்குப் போட்டது மாதிரி ஆனது. பின்பக்கம் ஒரு குட்டி ரப்பர் டியூபில் மட்டும் நுரை நிற்கவே மாட்டேன் என்றது. தடவத் தடவக் காணாமல் போனது. பனியன் இழுத்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இரண்டரை மணிக்கு அந்தக் காத்து வாங்குகிற நண்பன் ஷிப்ட் முடிந்து, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா, வண்டிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திகினு கீற?"

"நீ போயி காத்து வாங்கு, போ."

மாமா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் எஞ்சினைச் சுற்றி நின்றான். அவன் அப்படி நிற்பதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்தவன் இவனா என்று இருந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"எங்கியாவது நுரை காஞ்சி போச்சா?"

அந்த டியூபைக் காட்டினேன்.

"அக்கா, உங்க பவுடரு டப்பா கொஞ்சம் குடுங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

அக்கா வாசலுக்கு வந்தாள். "எதுக்கு? பொண்ணு பாக்கப் போறியா?"

"இல்லக்கா. வண்டியத்தான் பொண்ணு பாக்க வராங்க, நாளைக்கி."

புது டப்பாவைக் கொடுத்துவிட்டு அக்கா அங்கேயே நின்றாள், டப்பா மேல் கண்ணாக.

உள்ளங்கை நிறையப் பவுடரைக் கொட்டி, கையை எஞ்சின் மேல் நீட்டி, முன்பக்கத்திலிருந்து மெல்ல ஊதிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். ஃபேன் காற்றில் பவுடர் கலைந்து கலைந்து பின்னால் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டு, மறுபடி ஒரு கை. ஐந்தாவது தடவை அந்த ரப்பர் டியூபுக்குக் கிட்டே போனதும், மேகம் மாதிரி மிதந்த பவுடர் நூலாக மெலிந்து, டியூபின் அடிப்பக்கத்துக்குள் போய்விட்டது. வேறு எங்கும் போகவில்லை. அங்கே மட்டும்.

"நீங்க வெளிய வர்ற காத்தத் தேடிகினு கீறீங்க. இது உள்ள இழுக்குது. உள்ள இழுக்கற எடத்துல குமிழி எப்படிண்ணா வரும்?"

சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் அந்த வெடிப்பை அழுத்தினான். எஞ்சினின் விக்கல் நின்றது. ஆறும் ஒன்றாக ஓடுகிற சத்தம் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். விரலை எடுத்தான், விக்கியது. வைத்தான், நின்றது. மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டேன்.

அந்த டியூப் வைப்பருக்குப் போவது. பழைய வண்டிகளில் வைப்பருக்கு மோட்டார் கிடையாது, எஞ்சின் உறிஞ்சுகிற உறிஞ்சலில்தான் அது ஆடும். வைப்பர் ஆடி ஒரு வருடம் ஆகிறது, எங்கள் ஊரில் மழை எங்கே பெய்கிறது என்று மாமா விட்டுவிட்டார். ஆறாவது சிலிண்டருக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் வெடித்து, சூடு ஏற ஏற வாய் பிளந்து, அந்த வழியாக வேண்டாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. நண்பன் டியூபைப் பிடுங்கிவிட்டு, ஆஸ்பத்திரி மருந்து பாட்டிலின் ரப்பர் மூடியை டியூப் மாட்டியிருந்த ஓட்டையில் திருகி, கம்பியால் இறுக்கினான். சுரங்கத்துக்குள் லெவலில் காற்று தப்பிப்போகிற வழியைச் சுவர் வைத்து அடைக்கிற மாதிரிதான், என்றான்.

திங்கட்கிழமை நான் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, சரியாக ஏற்றத்தின் நடுவில். மாமா நிறுத்தினார். பின்னால் நாலு டீச்சரும் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். கூட்ஸ் வண்டி போய், கேட் திறந்தது. மாமா கிளட்சை விட்டார். வண்டி ஒரு உதறல்கூட இல்லாமல் ஏறியது.

பெரிய டீச்சர் ஸ்கூல் வாசலில் இறங்கி, "நாளைக்கும் ஏழரைக்கே வந்துடுங்க" என்றார்.

சாயங்காலம் நண்பனிடம் போய் இதைச் சொன்னேன். மூன்று வருடப் படிப்பில் இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை என்றும் சொன்னேன். வாயால் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது.

"அக்கா பவுடரு பாதி டப்பா காலி. அத வாங்கிக் குடு மொதல்ல" என்றான்.

வாங்கிக் கொடுத்தேன். அந்த அளவு டியூப் மட்டும் ராபர்ட்சன்பேட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மருந்து பாட்டில் மூடி அப்படியே இருக்கிறது.

இன்று சனிக்கிழமை, அரை நாள் ஸ்கூல். மாமா டீச்சர்களை ஏற்றிவரப் பூதிகோட்டைக்குப் போயிருக்கிறார். மழை கொட்டுகிறது. வண்டியில் வைப்பர் ஆடாது.