வலை வீசாத கை

"இது என்னவாக்கும்லே, வள்ளத்துக்கு வாங்குன சாதனமா?" என்று வலை வீசிப் பிழைக்கும் ஜஸ்டஸ் அண்ணன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெமானம்," என்றார் ஜெனோ அண்ணன். "ஜெட்டு. ரிமோட்டுல ஓடும்."

"ஓடுமா, பறக்குமா?"

"முதல்ல ஓடும், பொறவு பறக்கும். புக்குல அப்பிடித்தான் போட்டிருக்கு. இல்லியா ஏட்டி அபினா?"

நான் தலையாட்டினேன். அந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"இந்தப் பொடி வீலு மணல்ல எப்பிடிலே ஓடும்? ரோட்டுல விடலாம்னா அங்க ஆடு படுத்துக் கெடக்கு."

"வீலக் கழட்டிருவேன். நீ கையில எடுத்து எறிஞ்சு தா. நான் ரிமோட்டப் பிடிக்கேன்."

"எறியதுதானே? எங்கிட்ட விடு மக்கா. இந்தக் கரையில எறியதுக்கு என்னய விட்டா ஆரு இருக்கா?"

மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்த வியாகுலம்மாள், ஜெனோ அண்ணனின் அம்மா, நிமிர்ந்தார். "ஓட்ட வள்ளத்த வச்சிட்டு நாலு பேரு காத்துக் கெடக்கான். இவன் வெமானம் ஒட்டுகானாம்."

"திருநாளுக்கு முன்ன பறக்கும்மா. கடலுக்கு மேல ஒரு சுத்து சுத்திட்டு இதே கரைக்குத் திரும்பி வரும்."

"திரும்பி வந்தா சரி," என்றார் அவர். சிரிக்கவில்லை.

2013 மே மாதம். நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். எங்கள் வீட்டை ஒட்டித்தான் ஜெனோ அண்ணனின் ஃபைபர் பட்டறை. அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. இருபது வயதில் அலை தாண்டும்போது வள்ளம் கவிழ்ந்து வலது முழங்காலில் விழுந்தது. அதோடு கடலுக்குப் போவது நின்றது. வேறு ஊருக்குப் போய்ப் பிழைக்கச் சொன்னவர்களிடம், "வள்ளம் எங்க உடையும்னு என்னய விட ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, உடைந்த வள்ளங்களுக்கு ஃபைபர் ஒட்டப் பழகிக்கொண்டார். துபாயில் வேலை பார்க்கும் தம்பி லிஜோ, என்ன வேண்டும் என்று போனில் கேட்டபோது ஜெனோ அண்ணன் கேட்டது இந்த விமானத்தை.

பெட்டியில் இருந்தவை வெள்ளைத் தெர்மகோல் துண்டுகள். மூக்கில் காற்றாடி கிடையாது. வயிற்றுக்குள் ஒரு குழாய், அதில் சின்ன விசிறி. முன்னால் இழுத்த காற்றைப் பின்னால் தள்ளித்தான் அது பறக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றினால் வயிறு மணலில் உரசும். அதற்காக, வள்ளத்துக்குப் பூசும் அதே பசையை எடுத்து வயிற்றில் பூசினார் ஜெனோ அண்ணன். தெர்மகோல் பொரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து, உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்தது.

"வெமானத்துக்கும் ஓட்ட விழுந்தாச்சு. இனி உனக்குப் பழகுன வேலதான்," என்றார் ஜஸ்டஸ் அண்ணன்.

ஜெனோ அண்ணன் குழியை விரலால் தடவிப் பார்த்தார். மறுநாள் வடசேரிக்குப் போய் மெல்லிய தாளும் மரவேலைக்கான வெள்ளைப் பசையும் வாங்கி வந்தார். குழியில் வேறு துண்டை வைத்து அடைத்து, அதன்மேல் தாளை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, பிறகு ஃபைபர் பூசினார். இந்த முறை பசை தெர்மகோலைத் தொடவில்லை.

அடுத்தது மணல். காற்று இழுக்கும் வாய் அடிப்பக்கம் இருந்தது. விமானத்தைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது மணலை வாரி இழுத்து விசிறி நொறுங்கிவிட்டது. அடிவாயை அடைத்து, முதுகில் மேல்நோக்கி வாய் வெட்டினார். புத்தகத்தில் அப்படி இல்லை என்றேன். "புக்கு எழுதுனவன் நம்ம கரைக்கு வந்ததில்ல," என்றார். லிஜோ ஊருக்கு வந்த ஒருவரிடம் வேறு விசிறி கொடுத்தனுப்பினார். கடையில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்ததாம். இதுவும் உடைந்தால் விமானம் பட்டறைக் கூரையில் தொங்க வேண்டியதுதான்.

கடல் காற்று வீசிய ஒரு மாலையில் ஜஸ்டஸ் அண்ணன் எறிந்தார். விமானம் கையை விட்டதும் ஒருபக்கமாகச் சாய்ந்து, மல்லாந்து, மணலில் விழுந்தது. மூக்கு நசுங்கியது. ஜெனோ அண்ணன் அதை ஒட்டிவிட்டு மறுபடி எறியச் சொன்னார். அதே சாய்வு, அதே விழுதல். கடலுக்குப் போகும் வேறு இருவர் எறிந்தும் அப்படியே. விசிறி பிழைத்தது அதிர்ஷ்டம். இறக்கை கோணல் என்றார் ஒருவர். வியாகுலம்மாள், "மதி, எறிஞ்சது போதும், வச்சிரு," என்றார்.

ஜெனோ அண்ணன் நூல் பிடித்து அளந்தார். இறக்கை கோணவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆறு கடலில் சேரும் பொழியில் ஜஸ்டஸ் அண்ணன் வலை வீசுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், தரையில் கிடந்த ஒரு தெர்மகோல் மூடியை அவரிடம் நீட்டினார். "இத நேரா எறி."

அவர் எறிந்தார். மூடி சுழன்றுகொண்டு போனது.

"லே, நீ இடுப்பத் திருப்பிக் கைய மடக்கியில்லா விடுக. வலை வீசுக மாதிரி."

"வலை வீசுக கை வேற எப்பிடிலே எறியும்? வலையாட்டம் உன் வெமானமும் விரியும்னு நெனச்சேன்."

அன்றைக்கே ஜெனோ அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஏட்டி அபினா, வலை வீசியிருக்கியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப வா."

திருநாள் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் அது. கரையில் ஆட்கள் நின்றார்கள். வியாகுலம்மாள் சருவத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். விமானத்தைத் தோளுக்கு மேல் பிடித்தேன். விசிறி இரைந்தது, கை அதிர்ந்தது. "நேரா, கடலப் பாத்து," என்றார் ஜெனோ அண்ணன் பின்னாலிருந்து. ஓடிப் போய் அதைக் கையிலிருந்து விட்டேன்.

அது தாழ்ந்தது. நுரையைத் தொடப்போகிறது என்று நினைத்தபோது மூக்கு நிமிர்ந்து அலைக்கு மேல் ஏறியது. சாயவில்லை. வள்ளங்களைத் தாண்டிப் போய், வளைந்து, சிலுவை வைத்த கோவில் கோபுரத்தின் பக்கமாகத் திரும்பி, மறுபடி கடலுக்குப் போய், கடைசியில் ஈர மணலில் வயிற்றை வைத்து வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. எல்லோரும் கத்தினார்கள். வியாகுலம்மாள்தான் முதலில் ஓடிப் போய் அதைத் தூக்கினார்.

ஜெனோ அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். ரிமோட்டை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் இன்னும் விடவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"றெக்கை சாயுதா, மூக்கு எறங்குதான்னு அது மட்டுந்தான் பாத்துட்டு நின்னேன். அது பறந்தத நான் பாக்கல, கேட்டியா," என்றார். "நீ பாத்தல்லா. கையை விட்டதுல இருந்து ஒண்ணும் விடாம சொல்லு மக்கா. தலைய மட்டும் ஆட்டப்பிடாது."