சாம்பிள் தைத்தவள்

பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. "அங்க எழுதறதுக்கு என்ன இருக்குது, பில் போடறதா?" என்பார்கள். முதலிபாளையம் பக்கம் ஓர் ஏற்றுமதி யூனிட்டில், கட்டிங் ஹாலுக்கு மேலே ஒரு சின்ன அறையில், நானும் என் தோழியும் மட்டும் அந்த வேலையைப் பார்த்தோம். கல்லூரியில் ஒரே பெஞ்ச். அவள் மூலனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் தெற்கேயிருந்து பிழைக்க வந்து, செக்கிங் டேபிளில் பனியனைப் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட ஒருத்தியின் மகள். என் டிபன் டப்பாவில் பாதி அவளுக்கு, அவளுடையதில் பாதி எனக்கு. அவள் வீட்டு முருங்கைக்காய் எங்கள் வீட்டுக்கு மூட்டையாக வரும். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், அவளை நான் எவ்வளவு நம்பினேன் என்று தெரிய வேண்டும்.

வெட்டிய துணியைப் பண்டில் பண்டிலாகக் கட்டித் தையல் லைனுக்கு அனுப்புவார்கள். எந்த பண்டில் எங்கே நிற்கிறது என்று எப்போதும் குழப்பம். ஷிப்மென்ட் நேரத்தில் ஒன்று காணாமல் போனால் ஹாலே அல்லோலகல்லோலப்படும். அதைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார் முதலாளி.

"எதுல எழுதறதுன்னு நீங்க ரெண்டு பேருமே முடிவு பண்ணிக்குங்க. நல்லா ஓடுச்சுன்னா மத்த யூனிட்டுக்கும் அதையே போட்டரலாம். பொறுப்பும் உங்களுக்குத்தானுங்க."

எனக்கு அது சம்பள உயர்வைவிடப் பெரிய விஷயம். நான் எழுதிய ஒன்று எல்லா யூனிட்டிலும் ஓடும், என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும். அன்று வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

புரோகிராம் எழுதும் மொழிகளில் அவள் ஜாவா என்றாள், நான் பைத்தான் என்றேன். ஜாவாவைக் குறை சொல்லமாட்டேன். இது எண், இது எழுத்து என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் உள்ளே நுழையவே விடும். பத்துப் பேர் சேர்ந்து எழுதும் இடத்தில் அந்தக் கண்டிப்பு நல்லதுதான். நாங்கள் இரண்டே பேர். அதிலும் பனியன் கம்பெனியில் காலையில் சொன்னது மத்தியானம் மாறும். பைத்தானில் நினைத்ததை நாலு வரியில் எழுதி உடனே ஓட்டிப் பார்த்துவிடலாம். இதையே சொல்லிச் சொல்லி வாதாடினேன். கடைசியில் அவளே, "நீ சொல்றதுதான் செரி புள்ள, பைத்தான்லயே போயரலாம்" என்று கை கொடுத்தாள்.

திரையின் அழகையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். உள்ளே ஓடும் கணக்கு முழுக்க நான் எழுதியது. கீழேயிருந்து சூப்பர்வைசர் அக்கா டீ கிளாஸோடு வந்து, "கலர்வாரியாவும் காட்டுமா கண்ணு?" என்று கேட்பார். டீ ஆறுவதற்குள் காட்டும். அந்த அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்துவிட்டுப் போவார். எனக்குத் தலைகால் புரியாது.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மாவோடு அவள் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் எங்கள் அறையில் புதிதாக இரண்டு பேர். ஒருவர் என் நாற்காலியில். தோழி திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல், "மொதலாளி உன்னயக் கூப்புட்டாருடி" என்றாள்.

முதலாளி சந்தோஷமாகத்தான் இருந்தார். "வாங்க அம்மிணி. உங்க சாம்பிள் பிரமாதமுங்க. பல்க்க ஜாவால போட்டரலாம்னு அந்த அம்மிணி சொல்லுது. ஆளுக ரெண்டு பேர் எடுத்தாச்சு, அதுவே பொறுப்பாப் பாத்துக்கும்."

பனியன் கம்பெனிகளில் ஒரு பனியனை முதலில் சாம்பிள் ரூமில் ஒரே ஆள் முழுதாகத் தைத்துக் காட்டுவார். வெளிநாட்டுக்காரன் சரியென்றால் அதைப் பார்த்து லைனில் ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். அதுதான் பல்க். கப்பலேறுவது பல்க், சாம்பிள் பீரோவில் தொங்கும். முதலாளிக்குப் பைத்தானும் தெரியாது, ஜாவாவும் தெரியாது. சாம்பிள் என்ற சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அது சாம்பிள் இல்லீங்க சார். கீழ ஓடிக்கிட்டு இருக்கு."

"ஓடுதுங்க, நான் செரீன்னுதான சொல்றேன். இத்தன சுருக்கா ஒருத்தரே எழுதறதுன்னா அது சாம்பிள்தானுங்களே? நம்ம சாம்பிள் டெய்லரப் பாருங்க, கை அத்தன வேகம். அவர லைன்ல போடுவமா? நீங்களும் அப்பிடித்தானுங்க. மொதல்ல நீங்க எழுதிக் குடுங்க, அவங்க பாத்துப் பெருசா எழுதிக்குவாங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். வேகமாக முடித்துக் கொடுத்தது என் குற்றமாகிவிட்டது. மாதக்கணக்கில் முக்கி முனகியிருந்தால் பல்க் என்று மதித்திருப்பார் போல.

மேலே வந்தேன். கோபம் வந்தால் எனக்கு அம்மாவின் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "ஏட்டி, கை குடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டியே. நான் ஒனக்கு என்ன செஞ்சேன்?"

"உன்னய வேலைய உட்டா எடுத்தாங்க? எதுக்குடி இப்பிடிப் பேசற?" என்றாள். புது ஆட்கள் இருவரும் வேடிக்கை பார்த்தார்கள். அன்று முதல் அவரவர் டப்பாவை அவரவர் தின்றோம்.

அதற்குப் பிறகு நான் எழுதுவேன், அவர்கள் அதைப் பார்த்து ஜாவாவில் எழுதுவார்கள். நான் ஒரு நாளில் எழுதியது அங்கே வாரக்கணக்கில் இழுக்கும். ஹாலில் ஏதாவது மாற்றம் வேண்டுமென்றால் சூப்பர்வைசர் அக்கா மாடியேறி வந்து என் காதோடு கேட்பார். பழைய புரோகிராமிலேயே செய்து கொடுப்பேன். பல்க் வருகிறது, வருகிறது என்றார்களே தவிர, காணாமல் போன பண்டிலைத் தேடிக் கொடுத்தது என் சாம்பிள்தான்.

பல்க் பாதியில் நிற்கும்போதே அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. ஜாவாவில் பெரிய வேலையை நடத்தினேன், எனக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள் என்று இன்டர்வியூவில் சொல்ல அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. கம்பெனிக்கு எது சுருக்குவழி என்று நான் பார்த்தேன், தனக்கு எது சுருக்குவழி என்று அவள் பார்த்திருக்கிறாள். இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால், சத்தியமாக, நானே ஜாவாவுக்குத் தலையாட்டியிருப்பேன். அதுதான் இன்னும் ஆறவில்லை. மீதி பல்க்கை முதலாளி என்னிடமே தந்தார். "உங்க சாம்பிளப் பாத்து எழுதிருங்க அம்மிணி" என்றார். அதைத்தான் இப்போது ஜாவாவில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அவளிடமிருந்து போன். ஒன்றுமே நடக்காத மாதிரி, "ஏன்டி, நல்லாருக்கியா?" என்றாள். அம்மாவின் கண்ணைப் பற்றி விசாரித்தாள். பிறகு, "இங்க எல்லாமே பைத்தான்தான்டி. ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன். சட்டுனு சொல்லு" என்றாள்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வாயெடுத்தேன். அதற்குள் அவள் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். கேட்கக் கேட்கவே விடை எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. நாலு வரி. சொன்னேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது, புரோகிராம் ஓடிவிட்டது. "நீ நீதான்டி" என்று சிரித்தபடி வைத்துவிட்டாள்.

கேட்க நினைத்ததில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இன்னொரு சாம்பிள் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.