சம்மணம் போட வராத மாமன்

என் தம்பி பிரசன்னா செவுரு ஏறுவான். திருடன் இல்ல, ஐடி கம்பெனில வேலை. வானகரத்துல பெரிய ஷெட்டு ஒண்ணு கீது. உள்ள மூணு மாடி ஒசரத்துக்குச் செவுரு கட்டி, கலர் கலரா கல்லு மாதிரி பதிச்சு வெச்சிருக்காங்க. இடுப்புல கயிறக் கட்டிகினு ஏறி, உச்சியத் தொட்டுட்டு எறங்கிடணும். மேல ஒண்ணும் கிடையாது. நானே போய்ப் பாத்தேன், ஒரு மாங்கா கூட இல்ல. "அப்புறம் எதுக்குடா ஏறுற?"ன்னு கேட்டா, "எறங்கறதுக்குத்தான்கா"ன்றான். அன்னிக்கு ஆரம்பிச்ச கொழப்பம் எனக்கு இன்னும் தீரல.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தச் செவுருதான் அவனை மனுஷனாக்குச்சு. அதுக்கு முன்னாடி அம்பத்தூர் ஆபீஸ்ல காலைல சேர்ல உக்காந்தா சாயந்திரம்தான் எழுந்திரிப்பான். ஊட்டுக்கு வந்தா சோபா, சாப்பாட்டுக்கு டேபிள். ஒருநாள் ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சவனுக்கு முதுகு அப்படியே புடிச்சிக்கிச்சு. ரெண்டு பேரு கைத்தாங்கலா கூட்டிகினு வந்து உட்டாங்க. டாக்டரு, "மருந்து அப்புறம், மொதல்ல உடம்ப அசைக்கிற வழியப் பாருங்க"ன்னுட்டாரு. வாக்கிங் போனான், நாய் தொரத்துச்சு. ஜிம்முக்குப் போனான், கண்ணாடியப் பாத்து வெக்கப்பட்டுகினு திரும்பி வந்துட்டான். கூட வேலை செய்யற வினோத்துதான் இந்தச் செவுத்துக்கு இஸ்துகினு போனான். அது ஒட்டிக்கிச்சு. முதுகு வலி போச்சு, நல்லா தூக்கம் வந்துச்சு, எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு உழறது கூட கொறைஞ்சுது. கை ரெண்டும் ஒலக்கை மாதிரி ஆச்சு.

அந்த ஒலக்கைய நம்பித்தான் என் பொண்ணு பவ்யாவுக்குக் காது குத்த நாள் குறிச்சேன்.

நான் பொறந்த பாரிவாக்கத்து ஊட்டுல காதுகுத்துக்கு ஒரு மொறை கீது. கோயில்ல அம்மன் எதிர்ல ஜமக்காளத்துல தாய்மாமன் சம்மணம் போட்டு உக்காந்து, கொழந்தைய மடில வெச்சுக்கணும். ரெண்டு காதும் குத்தி முடிஞ்சதும் கொழந்தைய எறக்காம, யாரு கையும் புடிக்காம எழுந்திரிச்சு, சன்னதிய ஒரு சுத்து வந்து, அதே எடத்துல உக்காந்திருக்கற தாயார் மடில குடுக்கணும். நடுவுல கொழந்தைய வேற யாருகிட்டயாவது குடுத்துட்டான்னா அவ்ளோதான். நாளைக்குக் கல்யாணத்துல மாமன் சீரு எடுத்துகினு வந்தாக்கூட, "மடியில தாங்காதவன்தானே"ன்னு பேசுவாங்க. அம்மா அப்பா போனப்புறம் பொறந்த ஊடுன்னு எனக்கு மிச்சம் கீறது இவன் ஒருத்தன். அந்தப் பேச்சு இவன் மேல உழக்கூடாது. எனக்கு அதுதான் வேணும்.

"எதுக்கும் ஒரு தபா உக்காந்து காட்டுடா"ன்னேன். சிரிச்சான். "இது ஒரு மேட்டராக்கா"ன்னு தரையில உக்காந்தான். முட்டி ரெண்டும் காது கிட்ட வந்து நின்னுச்சு. ஒண்ண அமுக்குனா இன்னொண்ணு எழும்புது. அப்புறம் மெதுவா பின்னாடி சாஞ்சு பொத்துன்னு உழுந்தான். பவ்யா கைதட்டுனா. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

"மூணு மாடி ஏறுறவனுக்குத் தரையில உக்கார வரலியா?"

"அங்க யாரும் உக்காரச் சொல்ல மாட்டாங்கக்கா."

என் ஊட்டுக்காரரு சரவணக்குமாரு, "சேர் போட்டுக்கலாம், இன்னா இப்போ"ன்னாரு. அவரோட பெரியப்பா ராஜசேகரன் ஒரு படி மேல போய், "எங்க பக்கத்துல பசங்க கீறாங்களேம்மா, ஒருத்தன மாமனா உக்கார வெச்சுட்டாப் போச்சு"ன்னு சிரிச்சுகினே சொன்னாரு. அவருக்கு எடுத்துகினு வந்த காபிய அப்படியே உள்ள திருப்பி எடுத்துகினு போய்ட்டேன். செவுரு ஏறக் கத்துக்குடுக்கற பையன், இடுப்பு இறுகிக் கீது, இழுத்து வுடணும்னான். தெரிஞ்ச டாக்டரு, முட்டிய ரொம்ப மடக்காதீங்கன்னாரு. போன்ல வர்ற வீடியோவுல ஒரு பொம்பளை, மடக்குனாத்தான் முட்டி நல்லா இருக்கும்னா. எதிர் ஊட்டம்மா நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னாங்க. யாரு பேச்ச நம்பறது? நானும் கொழம்பி, அவனையும் கொழப்பிகினு இருந்தேன். போன எடுத்தாலே, "இன்னாடா, உக்காந்தியா?"ன்னுதான் கேப்பேன். பாவம், ஹலோ கூட சொல்ல உட்டதில்ல.

பவ்யா நெமிலிச்சேரில எங்க ஊட்டாண்ட கீற பிளே ஸ்கூலுக்குப் போறா. அந்த அகல்யா மிஸ்ஸு கூட எனக்கு ஏற்கெனவே ஒரு சண்டை. படிக்க அனுப்புனா, தவளை மாதிரி குதி, வாத்து மாதிரி நடன்னு புள்ளைங்களத் தரையில பொரள வுடறாங்க. "எழுத்து எப்போ மிஸ்?"ன்னு கேட்டேன். "தோளும் இடுப்பும் பலமானாத்தான் பென்சில் கையில நிக்கும்மா. ஓடி ஆடுன புள்ளதான் அப்புறம் ஒரு எடத்துல உக்காந்து கவனிக்கும்"னாங்க. குதிக்கறதுக்கும் பென்சிலுக்கும் இன்னா சம்மந்தம்? சரி, இன்னாத்தையோ சொல்றாங்கன்னு வந்துட்டேன்.

ஒரு சனிக்கெழமை பவ்யாவக் கூப்புட பிரசன்னா போனான். புள்ளைங்க பாய்ல தவளை ஆடிகினு இருந்திருக்கு. "மாமா, நீயும்"னு அவ கையப் புடிச்சு இழுக்க, இவன் குந்தப் போய் உருண்டுட்டான். புது வெளையாட்டு போலன்னு எல்லாப் புள்ளைங்களும் உருண்டுச்சுங்க. அகல்யா மிஸ்ஸு சிரிக்கல. "சனிக்கெழமை சனிக்கெழமை வாங்க சார், வரிசைல கடைசில நில்லுங்க"ன்னாங்க. போனான். புள்ளைங்க பின்னாடி வாத்து நடை நடந்தான். சாயந்திரம் எங்க ஊட்டுக்கு வந்து பவ்யாகிட்ட வேற டியூஷன். மொதல்ல ரெண்டு தலகாணி போட்டு உக்காந்தான், அப்புறம் ஒண்ணு, அப்புறம் மடிச்ச போர்வை. நான் கையில தோசைக் கரண்டியோட நின்னுகினு, "முதுக நிமித்துடா"ன்னு கத்திகினே இருப்பேன்.

காதுகுத்து அன்னிக்கு ஜமக்காளத்துல சம்மணம் போட்டு உக்காந்தான். முட்டி கொஞ்சம் தூக்கிகினு இருந்தாலும் அது சம்மணம்தான். எனக்குப் பாதி உசுரு வந்துச்சு. ஆசாரி வலது காத குத்துனாரு, பவ்யா கத்துன கத்துல கோயிலே அதிர்ந்துச்சு. எடது காதும் முடிஞ்சுது. இப்போ எழுந்திரிக்கணும். பிரசன்னா மூஞ்சியப் பாத்தேன், காலு மரத்துப் போச்சுன்னு தெரிஞ்சுது. பாதி எழுந்தான், திரும்பத் தொப்புன்னு உக்காந்துட்டான்.

"கொழந்தைய இப்படிக் குடுப்பா"ன்னு ராஜசேகரன் ரெண்டு கையையும் நீட்டுனாரு.

பிரசன்னா குடுக்கல. பவ்யாவ மாரோட அணைச்சுகினு, மெதுவா கால நகத்தி, தவளை மாதிரி குந்துனான். மரத்த காலு தெளியட்டும்னு அப்படியே இருந்தான். அவ அழுதுகினே, "மாமா, குதிக்காத"ன்னா. சிரிச்சுட்டான். சிரிச்சுகினே எழுந்து நின்னுட்டான். செவுரு அவனத் தூக்குச்சா, தவளை தூக்குச்சான்னு எனக்கு இன்னிக்கும் புரியல. நீட்டுன கைய ராஜசேகரன் மடக்கிக்கினாரு.

அவன் சுத்தப் போனான். பூசாரி, "தாயார் உக்காரும்மா"ன்னாரு.

பட்டுப்பொடவையத் தூக்கிப் புடிச்சுகினு குனிஞ்சேன். முட்டி மடங்கல. தூணப் புடிச்சேன், அப்பவும் மடங்கல. நான் கடைசியாத் தரையில உக்காந்தது எப்போ? சமையல் நின்னுகினு, சாப்பாடு டேபிள்ல, சாமி கும்புடறது நின்னுகினு, கொழந்தைக்கு ஊட்டறது பின்னாடியே ஓடிகினு. இத்தினி நாளு அவனப் புடிச்சு வாட்டுனேனே, நீ உக்காருவியான்னு என்னை யாரும் கேக்கல. நானும் கேட்டுக்கல. மேலயும் போகாம கீழயும் போகாம பாதில நிக்கிறேன், எல்லாரும் பாக்கறாங்க.

பிரசன்னா சுத்து முடிச்சு வந்துட்டான். என்னப் பாத்தான். தூணப் பாத்தான்.

"பூசாரி, இன்னொரு சுத்து வேண்டிகினேன்"னான். வேண்டவே இல்ல, எனக்குத் தெரியும். என்னத் தாண்டறப்போ காதாண்ட, "அக்கா, மொதல்ல கையத் தரையில ஊனு, அப்புறம் குந்து, மெதுவா பின்னாடி சாயி"ன்னுட்டுப் போய்ட்டான்.

ஊரு பாக்க, பட்டுப்பொடவையோட, கைய ஊனிக் குந்தி, மெதுவா பின்னாடி சாஞ்சு உக்காந்துட்டேன்.

அவன் சுத்திகினு வந்து பவ்யாவ என் மடில வெச்சப்போ எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுச்சு. எப்படி எழுந்திரிக்கறதுன்னுதான் தெரியல. அவன் எதிர்ல குந்தி உக்காந்தான், "அவசரம் இல்லக்கா"ன்னான்.