நாய்க்கு வைத்த நொய்ப்பானை

சாணிப்பால் கோட்டின் மேல் நடந்து போன ஒரு நாய்க்குட்டியின் கால்தடம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பண்ணையில் நெல்லைத் தூற்றிக் குவித்ததும், களத்துக் காவல்காரர் சாணியைப் பாலாகக் கரைத்து, செம்பில் எடுத்துக்கொண்டு குவியலைச் சுற்றி வருவார். நெல்லின் மேலேயே ஒரு கோடு விழும். காய்ந்த பிறகு யார் ஒரு பிடி அள்ளினாலும் நெல் சரிந்து கோடு உடைந்துவிடும். மறுநாள் பண்ணைக் காரியக்காரர் வந்து பார்த்து, "கோடு சரி" என்று சொல்லும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. போட்டவரே ஆனாலும் தொடக் கூடாது. அது எங்களை நம்பாமல் போட்ட கோடு என்பது அறுப்பறுத்த எங்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் உலை வைக்க வழியில்லாத நாளிலும் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டுதான் போவோம், வருவோம்.

ஒரு நாள் காலை கோடு உடைந்திருந்தது. காரியக்காரர் வந்ததும் வராததுமாகப் பெண்கள் பக்கம் திரும்பி, "எவடி மடியில கட்டினவ?" என்றார். காவல்காரர் பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. "ஆளு இல்லீங்க, நாய்க்குட்டி. தடத்தப் பாருங்க" என்றார். "நாய் வர்ற வரைக்கும் நீ என்னய்யா பண்ணினே?" "கண்ணசந்துட்டேங்க." தூங்கிவிட்டேன் என்று ஒரு காவல்காரர் தன் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். வசவு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார். குட்டி எங்களுடையது. வளர்ந்த பிறகு விவசாயத் தொழிலாளர் சங்க ஊர்வலம் எங்கே போனாலும் செங்கொடிக்குப் பின்னால் அதுவும் வரும் என்பதால், என் வீட்டுக்காரர் அதற்குத் 'தோழர்' என்று பேர் வைத்தார்.

கோட்டையில் ஆட்சி மாறி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சுவரில் எழுதியது மழையில் பாதி அழிந்திருந்த காலம் அது. நில உச்சவரம்புச் சட்டம் வந்துவிட்டது என்றார்கள். எங்கள் ஊரில் நிலம் மட்டும் இடம் மாறவில்லை. பட்டாவில் பேர்கள்தான் மாறின. பண்ணை மாட்டுக்காரன் பேரில் கொஞ்சம், பண்ணையாரின் செத்துப்போன அத்தை பேரில் கொஞ்சம். அந்த நிலத்தில் இறங்கிக் கொடி நடுவது என்று சங்கத்தில் முடிவாயிற்று. இறங்கினால் ஜெயில் நிச்சயம். பங்குனியில் போகிறோம், பதினைந்து நாளில் விட்டுவிடுவார்கள் என்றார்கள். தெருவில் கைகால் திடமாக இருந்த எல்லாரும் பேர் கொடுத்தோம்.

அதற்குப் பத்து நாள் முன்னால் எங்கள் தெருவில் ஆறு நாய்கள் செத்துக் கிடந்தன. கறித்துண்டில் மருந்து. தெருவுக்குள் அடியாள் நுழைந்தாலும் போலீஸ் நுழைந்தாலும் முதலில் குரல் கொடுப்பது நாய்தானே. என் வீட்டுக்காரரோடு சைக்கிளில் கொரடாச்சேரி வரை போயிருந்ததால் தோழர் மட்டும் பிழைத்தது. நாங்கள் போன பிறகு தெருவில் மிஞ்சப்போவது எழுந்து நடக்க முடியாதவர்கள்தான். அடுத்த கறித்துண்டு யாருக்கு என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தோழரை யாரிடம் விட்டுப் போவது என்று நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் வீட்டுக்காரரிடம், "களத்துக் காவக்காரர்கிட்ட விடலாம்" என்றேன்.

"ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? பாலுக்குப் பூனை காவலா?"

"ஊரு பூரா மருந்து வெச்சாலும் களத்துல வைக்க மாட்டாங்க. அங்க மேயறது பண்ணைக் கோழி."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் எனக்கே மனசு ஆறவில்லை. என் மாமியார் சொல்வார்கள்: "ஆள எட போடணும்னா, அவன் சொன்னத நிறுக்காத, சொல்லாம விட்டத நிறு." அதை மனதில் வைத்துக்கொண்டுதான் களத்துமேட்டுக்குப் போனேன். அறுவடை முடிந்து, காவல்காரர் வைக்கோல் போருக்குக் காவலாக அங்கேயே குடிசையில் தனியாக இருந்தார். வைக்கோலைக் கயிறாகப் பிரி திரித்துக்கொண்டிருந்தவரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"எங்க தெரு நாய்ங்களுக்கு மருந்து வெச்சது நீங்களாங்க?"

கை நிற்கவில்லை. "வைக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"அப்ப வெச்சது யாரு?"

"அத சொல்ல மாட்டேன். அவங்க சோத்தத் திங்கறேன் புள்ள."

வெறுமனே 'நான் இல்லை' என்று நிறுத்தியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஒரு பேரைச் சொல்லியிருந்தால் அதைவிட நம்பியிருக்க மாட்டேன். அவர்களை எங்களிடம் காட்டிக்கொடுக்கிறவர் எங்களை அவர்களிடம் காட்டிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லாமல் விட்டது கனமாகத்தான் இருந்தது. நாயைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பிரியைக் கீழே வைத்தார். "நாய் கெடக்கட்டும் ஒரு மூலையில. ஆனா அதுக்கு நீங்க வெச்ச பேர மட்டும் களத்துல நின்னு கூப்பிடச் சொல்லாத. என் சோறும் சேந்து நின்னுடும்" என்றார்.

நாய்க்குக் கஞ்சி வைக்க இரண்டு சின்னப் பானையில் நொய்யரிசி நிரப்பினேன். ஒன்று பதினைந்து நாளுக்கு. இன்னொன்று, ஒருவேளை விடுதலை தள்ளிப்போனால். "நாய அவர நம்பி விடு; நொய்ய நம்பி விடாத. வயிறுன்னு ஒண்ணு அவருக்கும் இருக்கு" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அது சரியென்று பட்டது. இரண்டாவது பானையின் வாயைத் துணியால் கட்டி, அவிழ்த்தால் உடையும்படி கழுத்தைச் சுற்றிச் சாணிக்கோடு போட்டேன். இத்தனை வருஷம் அவர் எங்களுக்குப் போட்டதை நான் அவருக்குப் போட்டேன். பொய் சொல்வானேன், போடும்போது கொஞ்சம் இனித்தது. மறுநாள் காலை பறையடித்து எல்லாரும் கிளம்பும் அவசரத்தில் நாயையும் பானைகளையும் அவர் குடிசை வாசலில் விட்டுவிட்டு, "இதுல கோடு போட்டிருக்கேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

பதினைந்து நாளில் விடவில்லை. திருச்சி ஜெயிலில் பதினாறாம் நாள் கஞ்சித்தட்டைக் கையில் வாங்கும்போதுதான் சுருக்கென்றது. 'தேவைப்பட்டால் திறந்துகொள்ளுங்கள்' என்று நான் சொல்லவே இல்லை. திறந்தால் அவர் திருடர். திறக்காவிட்டால் நாய் பட்டினி. இரண்டில் ஒன்றை விதித்துவிட்டு வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கண் கலங்கியதைப் பார்த்த பக்கத்துத் தெரு அக்கா, "புருஷன நெனச்சு அழறவ உண்டு, புள்ளய நெனச்சு அழறவ உண்டு. நாய நெனச்சு அழறவள இப்பத்தாண்டி பாக்கறேன்" என்று கேலி செய்தாள். அவள்தான் அந்த நாட்களில் கரித்துண்டால் தரையில் எழுதி எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். எழுத்து ஏறிய வேகத்தில் கவலை இறங்கவில்லை.

நாற்பதாம் நாள் விட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் களத்துமேட்டுக்கு நடந்தேன். குடிசையில் யாரும் இல்லை. நாயும் இல்லை. மூலையில் ஒரு பானை காலியாகக் கவிழ்ந்திருந்தது. மற்றதில் கோடு நான் போட்டபடியே, தூசி படிந்து, ஒரு விரற்கடைகூட உடையாமல் இருந்தது. பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கோடு உடைந்திருக்கக் கூடாதா என்று ஒரு கோட்டைப் பார்த்து நான் ஏங்கியது அந்த ஒரு தடவைதான்.

வாய்க்கால் பக்கமிருந்து குரைப்புச் சத்தம் வந்தது. பிறகு தோழரே வந்து என் மேல் விழுந்து முகமெல்லாம் நக்கியது. விலாவில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு எலும்பும் தட்டுப்படவில்லை. பின்னாலேயே காவல்காரர் வந்தார். அவருக்குத்தான் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"இந்தப் பானைய ஏங்க தொறக்கல?"

"கோடு போட்டிருந்துச்சே."

"நாய்க்குத்தானேங்க வெச்சேன்."

"அத நீ சொல்லல. போட்டவங்க வந்துதான் ஒடைக்கணும். அதான மொற?" பண்ணையில் தனக்கு வரும் சோற்றில் பாதியை அதற்கு வைத்திருக்கிறார், முதல் பானை தீர்ந்த பிறகு இருபத்தைந்து நாளும்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "சந்தேகப்பட்டுத்தாங்க போட்டேன்" என்றேன்.

"பின்ன, மரியாதைக்கா போடுவாங்க?" என்று சிரித்தார். "முப்பது வருஷமா நான் போடறது எதுக்குன்னு நெனச்சே? நீங்கள்லாம் வயித்தக் கட்டிக்கிட்டு அதச் சுத்திப் போனீங்க. நாலு வாரம் நானும் சுத்திப் போனேன். தேஞ்சா போயிட்டேன்?"

தேய்ந்துதான் போயிருந்தார். கோட்டை அவர் முன்னாலேயே உடைத்தேன். நொய்யில் வண்டு விழுந்திருந்தது. அவர் முறத்திலேயே புடைத்து, அவர் அடுப்பிலேயே கஞ்சி வைத்தேன். நாய்க்கு ஊற்றிய பிறகு தன் கிண்ணத்தை நீட்டினார். எங்கள் சேரித் தெருப் பெண் கையால் வைத்த கஞ்சியை ஊர்ச் சாதிக்காரரான அவர் குடிப்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் குடித்தார், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்பதுபோல.

இதனால் ஊர் மாறிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். மாறவில்லை. அடுத்த அறுவடைக்கும் எங்கள் குவியலுக்குக் கோடு போட்டவர் அவர்தான். சுற்றிப் போனவர்கள் நாங்கள்தான். தோழர் மட்டும் பகலெல்லாம் அங்கேயே கிடந்து, பொழுது சாய்ந்தால் வீடு வரும்.

என் மகள் இப்போது தஞ்சாவூரில் இருக்கிறாள். போன மாதம் பத்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. வீட்டுக்கே வந்து தங்கி நாயைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தாள். நம்பலாமா நம்பலாமா என்று ஒரு வாரம் என்னைப் போனில் துளைத்துவிட்டு, கடைசியில் கூடத்தில் ஒரு கேமரா மாட்டினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"சொன்னா கோவிச்சுக்காதாம்மா?"

"கோவிச்சுக்கட்டும், சொல்லிடு. அப்புறம் வீட்டுல எந்தெந்த டப்பாவத் தொறக்கலாம்னும் சொல்லு."

"நாய்க்கு எல்லாம் எழுதி ஒட்டியாச்சும்மா. எந்த வேளைக்கு எவ்வளவுன்னு."

"நாய்க்குச் சரி. அந்தப் பொண்ணு பத்து நாளும் என்ன சாப்பிடும்?"

 "அத நான் கேக்கலையேம்மா" என்றாள்.