பெல்ட்டா, செயினா?

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த ஓர் ஆடி மாதம். அப்போது நாங்கள் சிவகாசியில் இருந்தோம். என் கணவரும் என் தம்பியும் சேர்ந்து அச்சகங்களில் ஆப்செட் மெஷின் ரிப்பேர் பார்த்து வந்தார்கள். மெஷின் என்றால் இரண்டு பேருக்கும் சோறு தண்ணி வேண்டாம்.

பட்டாசு முதலாளி ஒருவர் தன் ஷெட்டில் கிடந்த இரண்டு பழைய வெளிநாட்டுக் கார்களை விற்றார். ஜப்பான் காரை இவர் வாங்கினார், இத்தாலி காரைத் தம்பி வாங்கினான். என் வளையல்களைக் கழற்றிக் கொடுத்துத்தான் எங்கள் கார் வந்தது. "இரும்புக்குப் போயி தங்கத்தக் குடுத்துட்டியே" என்று அம்மா பேசாத பேச்சில்லை.

இரண்டுமே ஒரு காலத்தில் பேர்போன வேகக் கார்கள். இரண்டு எஞ்சினிலும் தலைப்பகுதியில், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாப்ட் இரண்டு. காற்றை உள்ளே விடும் வால்வுகளுக்கு ஒன்று, புகையை வெளியே விடும் வால்வுகளுக்கு இன்னொன்று. அவற்றைச் சுற்ற வைக்க எங்கள் காரில் பல் வைத்த ரப்பர் பெல்ட். தம்பி காரில் எண்ணெயில் ஓடும் இரும்புச் செயின். சண்டைக்கு இது போதாதா? பெல்ட் சத்தமே போடாது, எடையும் குறைவு என்பார் இவர். அறுந்தால் வால்வு திறந்தபடி நிற்கும், பிஸ்டன் ஏறி வந்து இடித்து எஞ்சினே காலி என்பான் அவன். சாப்பிடும்போதும் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே பாதி எஞ்சின் அத்துப்படி.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம். நாங்கள் முன்னால், தம்பியும் அம்மாவும் பின்னால். சாத்தூர் தாண்டியதும் எங்கள் கார் சட்டென்று ஓய்ந்தது. பெல்ட் அறுந்திருந்தது. இவர் முகத்தில் ஈயாடவில்லை. எஞ்சின் போயிருந்தால் மாற்று வாங்க எங்களுக்கு வழியே கிடையாது. தம்பி குத்திக்காட்டப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவனோ இறங்கி வந்து கயிறு கட்டித் தன் காரால் இழுத்துக்கொண்டு ஊர் திரும்பினான். அம்மனைப் பார்க்காமலே வந்துவிட்டோம்.

மறுநாள் எஞ்சின் தலையைக் கழற்றினார்கள். பார்க்கத் தைரியமில்லாமல் இவர் திரும்பி நின்றுகொண்டார். டார்ச் அடித்துப் பார்த்த தம்பி கத்தினான்: "மச்சான், இங்கன வாங்க! ஜப்பான்காரன் பிஸ்டன் தலையில குழி வெட்டி வச்சிருக்கான். வால்வு இறங்கி நின்னாலும் இடிக்காது. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல!"

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் தம்பி மொட்டைத் தலையோடு வந்து நின்றான். கேட்டால், "வெக்கை தாங்கலக்கா" என்றான். அம்மாதான் விஷயத்தை உடைத்தாள். காரை இழுத்து வந்த வழியெல்லாம், மச்சான் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, மொட்டை போடுகிறேன் தாயே என்று புலம்பிக்கொண்டே வந்தானாம். தனியாக இருக்கன்குடிக்குப் போய் முடியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இவர் அந்த மொட்டையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அதுக்காக பெல்ட்டுதான் ஒசத்தின்னு ஒத்துக்கிட மாட்டேன் மச்சான்" என்றான் தம்பி.

இரண்டு கார்களும் எப்போதோ கைமாறிவிட்டன. ஆனால், அத்தனை நாள் தான் அடித்துப் பேசிய பேச்சு பொய்யாகிப் போகட்டும் என்று என் தம்பி அம்மனிடம் வேண்டிக்கொண்டதை நினைத்தால், இன்றும் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.